நான் இருபத்திரண்டு என்று எழுதிய கண்

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வேலை பார்த்த இடத்துக்கு ஏதாவது ஒரு சாக்கில் போய்வருவார்கள். எனக்கும் அது வந்திருக்கிறது. போன மாதம் பழைய சான்றிதழ் ஒன்றின் நகல் வேண்டும் என்று கும்பகோணத்தில் நான் நர்ஸாக இருந்த கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் மடிக்கணினியைத் திறந்துவைத்துப் படம் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் வைக்கிற ஸ்டீராய்டுக் குச்சியாம். நொய்யைவிடச் சின்னது. உள்ளே மாதக்கணக்கில் மெல்லக் கரையுமாம்.

படம் முடிந்ததும் ஆபரேஷன் தியேட்டர்ப் பெண்கள் எனக்கு டீ கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க இருந்தப்ப ஸ்டீராய்டை அப்படியே சிரிஞ்சுல எடுத்துக் கண்ணுக்குள்ள போடுவீங்களாமே, நெசமா?"

நாங்கள் இலை தழை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தோமா என்று கேட்பதுபோல இருந்தது. நிஜம்தான் என்றேன். டீ ஆறுவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. சொல்லாமல் விட்ட பாதிதான் முக்கியம். அதை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் அப்பா திருவிடைமருதூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். என்னை நர்ஸிங் படிக்கவைத்தார். அந்தப் படிப்பில் கண்ணைப் பற்றி இருந்தது ஒரே ஒரு பாடம். அதையும் நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் நடத்தி முடித்துவிட்டார்கள். வேலையில் சேர்ந்தபோது மனிதருக்குக் கண் இரண்டு என்பதும், அவற்றுக்கு இமை உண்டு என்பதும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும். மற்றதெல்லாம் தியேட்டரில் திட்டு வாங்கிக் கற்றது.

திட்டியவர் பெரிய டாக்டர். அங்கே சின்ன டாக்டர் என்று யாரும் நிலைத்ததில்லை. வந்த மூன்று பேரும் வருடம் முடிவதற்குள் போய்விட்டார்கள். ஆனாலும் அவருக்குப் பெரிய டாக்டர் என்றுதான் பெயர். கை தங்கமான கை. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கண்புரை எடுப்பதை நின்று பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். அவருக்குக் கோளாறு காதில். காது நன்றாகக் கேட்கும். பிறர் சொல்வது மட்டும் உள்ளே போகாது.

ஒருநாள் வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றிலிருந்து திரும்பியவர் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்து ஒரு செய்தி சொன்னார். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும் நோய் இருக்கிறதல்லவா, அதற்கு வழி பிறந்துவிட்டது என்றார். அந்த நோயில் சிலருக்கு விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து நீர் கசியும். நேராகப் பார்க்கிற இடம் மங்கிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டை தெரியும், முகம் தெரியாது. அதுவரை அப்படி வருகிறவர்களிடம் "வயசாயிடுச்சு" என்று சொல்லி அனுப்புவதுதான் எங்கள் சிகிச்சை.

மருந்து வந்தது. மூட்டு வலிக்கும் தோல் தடிப்புக்கும் போடுகிற ஸ்டீராய்டுதான். குப்பியின் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதை வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன்.

"டாக்டர், இதைக் கண்ணுக்குள்ள போடக் கூடாதுன்னு போட்டிருக்குங்களே?"

"அது கம்பெனிக்காரன் தன்னைக் காப்பாத்திக்க எழுதறது. நீ என்ன, லேபிள் படிக்கற வேலைக்கா வந்தே?"

லேபிள் படிப்பதும் என் வேலைதான் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தச் சமயம் பெரிய பெரிய ஊர்களிலும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு நல்ல மருந்து யார் கையிலும் இல்லை.

போடும் முறையைச் சொல்கிறேன். குப்பியைச் சும்மா வைத்தால் மருந்து அடியில் வண்டலாகத் தங்கிவிடும். குலுக்கினால் அரிசி களைந்த தண்ணீர்போல வெள்ளையாகும். அந்த வெள்ளை மாறுவதற்குள் சிறிய சிரிஞ்சில் எடுத்து, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்த வேண்டும். மிக மெல்லிய ஊசியானால் துகள் அடைத்துக்கொள்ளும். ஒரு படி தடித்த ஊசி தேவை. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு, பிறகு அயோடின் கரைசல், பிறகு இமைகளை விலக்கிப் பிடிக்கும் கம்பி. கருவிழியின் ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் அளந்து வெள்ளை விழியில் குத்த வேண்டும். கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தவர்களுக்கு மூன்றரை. கொஞ்சம் முன்னால் போனால் லென்ஸ் போச்சு. பின்னால் போனால் விழித்திரை போச்சு. ஊசியை உருவியதும் அந்த இடத்தைப் பஞ்சுக் குச்சியால் அழுத்திப் பிடித்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்க வேண்டும். அன்றிரவு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்க வேண்டும். அப்போதுதான் அந்த வெள்ளைப் பொடி பார்வையை மறைக்காமல் கீழே படியும். மறுநாள் வருகிறவர்கள், "கண்ணுக்குள்ள மாவு பறக்குதுங்க" என்பார்கள்.

ஊசி போடும்போது நோயாளி அசையாமல் இருக்கப் பெரிய டாக்டர் ஓர் உபாயம் வைத்திருந்தார். வருகிறவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு மிக அக்கறையாக, "இந்தத் தடவை குறுவை எப்படிங்க?" என்பார். படுத்திருப்பவர் நெகிழ்ந்துபோய், "அதை ஏன் கேக்கறீங்க, மேட்டூர்லேருந்து தண்ணி..." என்று ஆரம்பிப்பார். அதற்குள் ஊசி இறங்கி ஏறியிருக்கும். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். எத்தனையோ பேரிடம் அவர் மகசூல் விசாரித்திருக்கிறார். மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்ததா இல்லையா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இந்த ஊசியில் ஓர் ஆபத்து இருந்தது. கண்ணுக்குள் எப்போதும் நீர் ஊறி, ஓரத்தில் உள்ள வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு ஸ்டீராய்டு அந்த வடிகாலை அடைத்துவிடும். நீர் தேங்கி அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு நசுங்கும். பெரும்பாலும் வலிக்காது. நசுங்கின நரம்பு திரும்ப வராது. வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆகவே ஊசி போட்டவர்களுக்கு வாரா வாரம் அழுத்தம் பார்க்க வேண்டும். அது என் பொறுப்பு. நோயாளியைப் படுக்கவைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, சிறிய உலோகக் கருவியைக் கருவிழியின்மேல் நிறுத்துவேன். முள் நன்றாக நகர்ந்தால் கண் மெத்தென்று இருக்கிறது, அழுத்தம் சரி. முள் நகரவில்லை என்றால் கண் கல்லாகிவிட்டது என்று அர்த்தம்.

காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் நவீன இயந்திரமும் எங்களிடம் இருந்தது. அது பெரிய டாக்டரின் அறையில் பூப்போட்ட உறைக்குள் இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தது. கிராமத்து ஆட்களின் கண்ணீர் பட்டால் அது கெட்டுவிடும் என்பது டாக்டரின் கருத்து. வசதியானவர்களின் கண்ணீரில் உப்பு இல்லை போலும். அவர்கள் வந்தால் மட்டும் உறையை எடுப்பார்.

ரஹீம் பாய் அப்போதுதான் வந்தார். பாபநாசத்துப் பக்கம் அரிசி மண்டி வைத்திருந்தவர். வலது கண்ணில் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. மிச்சம் இருந்தது இடது கண். ஒருநாள் காலை தொழுகைக்குப் போனவருக்குப் பள்ளிவாசல் மினாரா வளைந்து தெரிந்திருக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டு, "ஏன்யா, போன வருஷம் கட்டினது இப்பவே சாயுதே, சிமெண்ட்டுல என்னத்தைக் கலந்தே?" என்று சத்தம் போட்டிருக்கிறார். கொத்தனார் ஜமாஅத்தார் முன்னிலையில் தூக்குக்குண்டு விட்டுக் காட்டினார். மினாரா நேராக இருந்தது.

"அடுத்த நாள் கொத்தனாரே வளைஞ்சு தெரிஞ்சார் சிஸ்டர்," என்றார் என்னிடம். "அப்பதான் கோளாறு நம்மகிட்டன்னு புரிஞ்சுது. அவர் வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு, நேரா இங்க வர்றேன்."

தியேட்டரில் படுக்கவைத்தோம். பெரிய டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாய், மண்டியில வியாபாரம் எப்படி?" என்றார்.

"மொதல்ல ஊசியைப் போட்டு முடிங்க டாக்டர். அப்புறமா சொல்றேன்."

டாக்டரின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு போட்டு முடித்தார். பாய் வாக்குத் தவறாதவர். எழுந்து உட்கார்ந்து, பொன்னி வரத்து எப்படி, ஈர நெல்லால் என்ன தொல்லை என்று பத்து நிமிடம் விவரமாகச் சொன்னார். டாக்டர் கையுறையோடு நின்று கேட்க வேண்டியதாயிற்று. நான் முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

முதல் வாரம் திரும்பி வந்தபோது பாய் எழுத்துப் பலகையில் இரண்டு வரி கூடுதலாகப் படித்தார். மினாரா முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது என்றார். பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வடநாட்டில் நடக்க இருந்த கருத்தரங்கில் இந்த ஊசியைப் பற்றி அவர் பேச வேண்டும். அதற்குக் கதாநாயகன் கிடைத்துவிட்டார். பாயை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் அழுத்தம் பார்த்தேன். முள் சரியாக நகரவில்லை. மறுபடி பார்த்தேன்.

"எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"இருபத்தெட்டுங்க."

"இமையை அழுத்திப் பிடிச்சிருப்பே."

"இல்லீங்க டாக்டர், ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"இருபத்திரண்டுன்னு எழுது. இந்த ஷீட்டைப் படம் எடுத்து நான் அங்க திரையில காட்டணும்."

இருபத்தொன்றுவரை சரி என்பது பாடம். இருபத்திரண்டுக்கு யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். இருபத்தெட்டு என்று எழுதினால் அன்றே அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து தொடங்க வேண்டும். கதாநாயகனின் கதையில் கறை விழும். நான் இருபத்திரண்டு என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டு எண்களும் குளத்தில் நீந்தும் வாத்துகள்போல வரிசையாக, அழகாக நின்றன. ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்று பாயை அனுப்பினோம்.

இரண்டு வாரத்தில் அவராகவே வந்துவிட்டார். புருவத்துக்கு மேல் கனக்கிறது, விளக்கைப் பார்த்தால் சுற்றி வளையம் தெரிகிறது என்றார். பெரிய டாக்டர் கருத்தரங்குக்குப் போயிருந்தார். மூன்றாவது சின்ன டாக்டர் விலகிப் பத்து நாள் ஆகியிருந்தது. கருவியை வைத்தேன். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு எனக்குப் பேச்சு. இப்பப் போயி இதைச் சொல்றியே. தலைவலி மாத்திரை குடு. நாலு நாள்ல வந்து பாக்கறேன்."

"முள்ளே நகரலீங்க டாக்டர்."

"அந்தக் கருவியைக் கடாசு," என்று வைத்துவிட்டார்.

சரி, வேறு கருவியில் பார்ப்போம் என்று அவர் அறையைத் திறந்தேன். பூப்போட்ட உறையை உருவினேன். பாயை உட்காரவைத்துத் தாடையை ஏந்தியில் பொருத்தினேன். இயந்திரம் மூன்று முறை ஊதி, ஒரு சின்னத் தாளைத் துப்பியது. நாற்பத்தொன்று. அந்தத் தாளை அவருடைய ஷீட்டில் பின் போட்டேன். உருவின உறை நாற்காலியில் கிடந்தது.

அரை நாள் லீவு எழுதிவைத்துவிட்டு, ஷீட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். தஞ்சாவூரில் கண் அழுத்த நோயையே தனியாகப் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருந்தார். அய்யம்பேட்டை தாண்டும்போது பாய் கேட்டார், "போன தடவை அழுத்தம் சரியாத்தானே இருந்துச்சு சிஸ்டர்?"

"ம்," என்றேன். அதற்குமேல் என்னால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. பசுபதிகோயில் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். விளக்கைப் போட்டு நரம்பைப் பார்த்தார். ஷீட்டைப் புரட்டினார். மறுபடி நரம்பைப் பார்த்தார். பாயைச் சொட்டு மருந்து போட வெளியே அனுப்பிவிட்டு, என்னிடம் கேட்டார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இருபத்திரண்டு, இப்ப நாற்பத்தொண்ணு. அப்படின்னா திடீர்னு ஏறியிருக்கணும். நரம்பைப் பாத்தா அப்படித் தெரியலையேம்மா. அப்பவே அதிகமா இருந்திருக்கு."

நான் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க எழுதினதுதானே? நீங்களே அடிச்சுட்டு, இருந்ததை எழுதுங்க. பக்கத்துல கையெழுத்தும் இன்னைக்குத் தேதியும் போடுங்க."

போட்டேன். வாத்துகளின் குறுக்கே ஒரு கோடு.

அன்றைக்கே கை நரம்பில் மருந்து ஏற்றி அழுத்தத்தை இறக்கினார்கள். சொட்டு, மாத்திரை என்று போராடியும் நிலைக்கவில்லை. கடைசியில் கண்ணுக்குப் புதிதாக ஒரு வடிகால் வெட்டி ஆபரேஷன் செய்தார் டாக்டரம்மா. கண் பிழைத்தது. ஆனால் மூக்குப் பக்கப் பார்வை போய்விட்டது. எதிரே வருகிற ஆளைத் தெரியும். அந்தப் பக்கம் வருகிற சைக்கிளைத் தெரியாது.

பெரிய டாக்டர் கேடயத்தோடு திரும்பி வந்தார். பேச்சுக்குக் கைதட்டல் பலமாம். பாயின் ஷீட்டைத் திறந்தார். அடித்து எழுதியதைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். பிறகு ஆஸ்பத்திரியே கேட்கும்படி கத்தினார்.

"என் ரூம்ல மெஷின் உறையை யார் எடுத்தது?"

மெமோ வந்தது. அனுமதியின்றி உறை நீக்கியது, விலை உயர்ந்த இயந்திரத்தை உரிய பயிற்சியின்றி இயக்கியது, உறையை மடிக்காமல் நாற்காலியில் போட்டது என மூன்று குற்றங்கள். இருபத்தெட்டைப் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. அதைக் குற்றமாக எழுதினால் யார் சொல்லி எழுதினாய் என்று அடுத்த வரியில் கேட்க வேண்டுமே. நானும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இனிமேல் உறையை மடித்து வைப்பேன் என்று உறுதி கூறினேன். ஆறு மாதம் என்னைக் கண்ணாடி விற்கும் கவுண்ட்டரில் உட்காரவைத்தார்கள். யார் மூக்குக்கு எந்த ஃபிரேம் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் இயந்திரம் வெளி அறைக்கு வந்துவிட்டது. பூப்போட்ட உறை போன இடம் தெரியவில்லை. சுவரில் ஒரு பலகை ஏறியது: ஊசி போட்ட ஏழாம் நாள் இந்த இயந்திரத்தில் அழுத்தம் பார்த்து, அது தரும் தாளைக் கட்டாயம் ஷீட்டில் பின் போட வேண்டும். கீழே பெரிய டாக்டரின் பெயர், பட்டங்களோடு. அடுத்த கருத்தரங்கில் அவர் இந்தப் பாதுகாப்பு முறையைப் பற்றிப் பேசினார். முதல் பேச்சுக்குக் கேடயம் கொடுத்தார்கள், இதற்குச் சால்வை. பலகையால் பல கண்கள் பிழைத்தன என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

சில வருடங்களில் வேறு வகை ஊசி மருந்துகள் வந்தன. கெட்ட ரத்தக்குழாய்களையே வாடவைக்கும் மருந்துகள்; அழுத்தத் தொல்லையும் குறைவு. இந்த நோய்க்கு வெள்ளை மருந்து போடுவது நின்றேபோனது. ரஹீம் பாய்க்கும் புது ஊசிதான். வரும்போதெல்லாம் பெரிய டாக்டரிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"டாக்டர், மூக்குப் பக்கம் இருட்டாவே இருக்கே, ஏன்?"

"வயசு பாய், வயசு."

பாய் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வருவார். அடுத்த தடவை அதே கேள்வி, அதே பதில். ஒருநாள் ஊசிக்கு முன்னால் நான் அவருக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"சிஸ்டர், உங்ககிட்ட கேட்டா நீங்களும் வயசுன்னுதான் சொல்வீங்களா?"

சொட்டுப் புட்டியை மூடி வைத்தேன்.

"இல்ல பாய். அந்த மொத ஊசிதான். அதுவும் மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. இருபத்தெட்டு இருந்துச்சு. நான் இருபத்திரண்டுன்னு எழுதினேன்."

"அவர் எழுதச் சொன்னாரா?"

"சொன்னார். எழுதினது நான்."

அவர் கன்னத்தில் வழிந்த மருந்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"அன்னைக்கே மருந்து போட்டிருந்தா?"

"இவ்வளவு போயிருக்காது."

கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் எதுக்குக் கேட்டேன்னு நெனைக்கறீங்க? இந்தக் கட்டடத்துல ஒரு ஆளாவது சொல்லுதான்னு பாக்கத்தான். வயசு வயசுன்னு சொல்லி, தப்பை என்மேலேயே போட்டுட்டாங்க." என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுட்டேன்னு இப்ப வாயில வர மாட்டேங்குது சிஸ்டர். வந்தா சொல்றேன்," என்றார்.

நான் ஓய்வு பெறும்வரை அவர் வந்துகொண்டிருந்தார். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு யாரிடமும் அழுத்தம் பார்த்துக்கொள்ள மாட்டார். நான் வரும்வரை பெஞ்சில் காத்திருப்பார். பார்த்து முடித்ததும், "சத்தமாச் சொல்லுங்க," என்பார். வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி எண்ணைச் சொல்வேன். பிறகு எழுதுவேன். எழுதிய தாளை அவர் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பிடிப்பேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, அந்த எண்ணைத் தேடிப் பிடித்துப் படித்து, சரி என்று சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுவேன்.